வித்துரா டூ பொன்முடி: காட்டுயிர் பார்க்க காரில் போகிறீர்களா? முதலில் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள்

இன்ஸ்டாகிராமில் அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கடல், நடுவே ஒற்றைவழிச் சாலை. காரை நிறுத்தி இறங்கினால் பாறை மேல் சீல்கள் படுத்திருக்கும், வானத்தில் பஃபின் பறவைகள். ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரும் 'நார்த் கோஸ்ட் 500' சாலை அது. 2015-இல் சுற்றுலாவுக்காக அறிமுகமானது. இன்வெர்னஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் 516 மைல், அதாவது சுமார் 830 கி.மீ.

பத்தே ஆண்டுகளில் அந்தச் சாலைக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஃபோடர்ஸ் என்ற பயண வழிகாட்டி நிறுவனம், 2025-இல் போவதற்கு முன் யோசிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. கூட்டம், குப்பை, ஒற்றைவழிச் சாலையில் அதிவேகம் என்று உள்ளூர்க்காரர்களின் புகார்கள் குவிந்திருந்தன.

இப்போது நம் பக்கம் வருவோம். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிற, அல்லது நாகர்கோவில், திருநெல்வேலியிலிருந்து வீக்எண்டுக்கு அங்கே போகிற தமிழ் இளைஞர்கள் நிறையப் பேருக்கு 'பொன்முடி ரைடு' பழகிப்போன ஒன்று. வித்துரா வழியாகப் போகும் சாலை, 22 கொண்டை ஊசி வளைவுகள், மேலே மூடுபனி, ஒரு டீ, நாலு போட்டோ, திரும்பி வந்துவிடலாம். ஆனா, "அங்கே எந்த விலங்கைப் பார்த்தீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "குரங்குதான் இருந்துச்சு."

உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஒரு மலைத்தொடருக்குள் போய்விட்டு வந்தும் ஏன் இந்தப் பதில்? இதற்கான விடையில் பாதி, நாம் ஓட்டும் வேகத்தில் இருக்கிறது. மீதியைக் கீழே பார்ப்போம்.

வித்துராவில் அப்படி என்ன இருக்கிறது?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக சுமார் 37 கி.மீ. தொலைவில் இருக்கிறது வித்துரா. பார்க்க சாதாரண மலையடிவார ஊர். ரப்பர் தோட்டம், கேரள அரசுப் பஸ் டிப்போ, கடைத்தெரு. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகமும் இங்குள்ள மருதாமலையில்தான் இருக்கிறது (கோயம்புத்தூர் மருதமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்).

இந்த ஊரிலிருந்து ஒரு சாலை கல்லாறு வழியாகப் பொன்முடிக்கு ஏறுகிறது. இன்னொரு பக்கம் போனால் பேப்பாறை அணை, போனக்காடு. போனக்காட்டுக்கு அப்பால் சாலை கிடையாது. அங்கிருந்துதான் 1,868 மீட்டர் உயர அகஸ்தியர்கூடத்துக்கு நடைப்பயணம் தொடங்குகிறது.

அகஸ்தியர்கூடம் என்றால் வேறு எதுவும் இல்லை, நம்ம பொதிகை மலைதான். பாபநாசம் பக்கம் நின்று பார்த்தால் தாமிரபரணியின் தாய்; வித்துரா பக்கம் நின்று பார்த்தால் நெய்யாறு, கரமனை ஆறுகளின் பிறப்பிடமான மலைகள். ஒரே காடு, இரண்டு மாநிலம். 2001-இல் அகஸ்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு சுமார் 3,500 சதுர கி.மீ. கேரளத்தின் பேப்பாறை, நெய்யாறு, செந்துருணி சரணாலயங்களும், தமிழ்நாட்டின் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகமும் இதற்குள் வருகின்றன. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது இந்தப் பகுதியும் அதில் இருந்தது. 2016-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பிலும் சேர்ந்தது.

பேப்பாறை சரணாலயத்தின் பரப்பு 53 சதுர கி.மீ. மட்டுமே. கரமனை ஆற்றின் குறுக்கே திருவனந்தபுரத்தின் குடிநீருக்காகக் கட்டிய அணையை ஒட்டி, 1983-இல் உருவானது. திருவனந்தபுரத்தில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கும் உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கும் இந்தக் காட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

கடற்கரையிலிருந்து புல்வெளி வரை, இரண்டரை மணி நேரத்தில்

சங்குமுகம் கடற்கரையில் நீங்கள் நிற்பது கடல் மட்டம். பொன்முடி உச்சி சுமார் 1,100 மீட்டர். நடுவே உள்ள தூரம் ஏறத்தாழ 60 கி.மீ. இந்தச் சின்ன தூரத்துக்குள் நாலு விதமான வாழிடங்களைத் தாண்டுகிறீர்கள். சாலைப் பயணமாக இதன் சிறப்பே அதுதான்.

முதலில் வீட்டுத் தோட்டங்களும் ரப்பரும். இங்கே குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக் குருவியைக் கேட்கலாம். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர்.

அடுத்து கல்லாறு. உருண்டைப் பாறைகள் நிறைந்த ஆற்றங்கரைக் காடு. இங்கே காலையில் யாரோ ஒரு பையன் சும்மா விசிலடித்துக்கொண்டு போவது மாதிரிக் கேட்டால் திரும்பிப் பாருங்கள். அது சீகாரப் பூங்குயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். கருநீல உடம்பு, பாறை மேல் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, வளைவுகளின் இருபுறமும் உள்ள பசுமைமாறாக் காடு. மலபார் சாம்பல் இருவாச்சி, தீக்காக்கை, மலை அணில், கருமந்தி எல்லாம் இங்கேதான். கருமந்தி கருப்பு உடம்பும் வெளிர் தலைமுடியுமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

நான்காவது, உச்சியின் புல்வெளியும் அதை ஒட்டிய சோலைகளும். பக்கத்தில் ஒரு மலைக்குப் பெயரே வரையாட்டுமுடி. தமிழ்நாட்டின் மாநில விலங்கான அதே வரையாடுதான். 2025 ஏப்ரலில் இரு மாநிலங்களும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் எண்ணப்பட்டன. கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. பெரும்பகுதி மூணாறு, ஆனைமலைப் பக்கம் இருந்தாலும், அகஸ்தியமலையின் உயரங்களிலும் சிறு கூட்டங்கள் உண்டு.

மொழி ஒரு தடையே இல்லை என்பதையும் சொல்லிவிடலாம். வரையாடு மலையாளத்திலும் வரையாடுதான். நெல்லைக்காரர்கள் 'மிளா' என்பதை அங்கே 'ம்லாவு' என்பார்கள். அணில் 'அண்ணான்', மலை அணில் 'மலையண்ணான்'. டீக்கடையில் தயங்காமல் கேளுங்கள்.

'இனங்கள் குறைவு' என்று டேட்டா சொல்கிறதே, அப்புறம் ஏன் இங்கே போகணும்?

நல்ல கேள்வி. இந்தியாவில் மாநில அளவில் முதன்முதலாகச் செய்யப்பட்ட பறவை வரைபடத் திட்டம், 'கேரளப் பறவை அட்லஸ்'. 2015 முதல் 2020 வரை, பெரும்பாலும் தன்னார்வலர்கள் சேர்ந்து மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஈரப்பருவம், உலர்பருவம் என்று இரண்டு முறை எண்ணினார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், 361 இனங்கள்.

அதன் முடிவுகளில் ஒன்று: வட, மத்திய மாவட்டங்களோடு ஒப்பிட்டால் தென்மாவட்டங்களில் இனங்களின் எண்ணிக்கை குறைவு. திருவனந்தபுரம் தென்கோடி மாவட்டம். இதை மட்டும் எடுத்து ஒரு சார்ட் போட்டால், "காட்டுயிர் பார்க்க வித்துரா வேண்டாம், வயநாடு போங்க" என்று தலைப்பு வைத்துவிடலாம்.

ஆனா அதே அட்லஸ் இன்னொன்றையும் சொல்கிறது. வேறெங்கும் இல்லாத ஓரிட இனங்கள் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் குவிந்திருக்கின்றன. அழியும் ஆபத்தில் உள்ள இனங்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டி இருக்கின்றன. அதாவது, 'எத்தனை இனம்' என்பது ஒரு கேள்வி, 'எந்த இனம்' என்பது வேறு கேள்வி.

வித்துரா மலைகளின் பலம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் போகிறது அல்லவா? அந்த ரயில் நுழைகிற இடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து ஒரு கணவாய் ஆகிறது. உயரத்தில், குளிரில் மட்டுமே வாழும் சின்னப் பறவைகளால் இந்த வெப்பமான தாழ்வைக் கடக்க முடியாது. பல லட்சம் ஆண்டுகள் இப்படிப் பிரிந்து கிடந்ததில், கணவாய்க்குத் தெற்கே இருப்பவை தனி இனங்களாகவே மாறின. அசம்பு மலைச் சிலம்பன் அப்படி ஒன்று. இன்னொன்று, 2017-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்ட அசம்பு சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும் சோலையின் அடித்தட்டில் மறைந்து வாழும் நீலநிறச் சிறு பறவை. உலகில் அவற்றுக்கு உள்ள ஒரே வீடு இந்த மலைகள்தான். பொன்முடியின் பெயரையே தாங்கிய ஒரு மரத்தவளையும் உண்டு. 2005-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அந்தப் பேரினத்தின் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து நேரடியாகக் குட்டித் தவளையே வெளிவரும்.

இவற்றில் எதுவும் யானை மாதிரி சாலை நடுவே வந்து நிற்காது. பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு.

சரி, வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முதல் கணக்கு, நீங்கள் பார்ப்பதைப் பற்றி. 30 கி.மீ. வேகத்தில் போனால் அரை கிலோமீட்டர் காட்டை ஒரே நிமிடத்தில் தாண்டிவிடுவீர்கள், அதுவும் கண்ணாடி ஏற்றி, பாட்டுப் போட்டு. மழைக்காட்டில் பறவைகளைப் பெரும்பாலும் காதால்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும். கேரளப் பறவை அட்லஸ் தன்னார்வலர்கள் ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும் 15 நிமிடப் பட்டியல்களாக எண்ணினார்கள். அனுபவசாலிகளுக்கே அவ்வளவு நேரம் தேவைப்படும்போது, நமக்கு ஒரு நிமிடத்தில் 'குரங்குதான் இருந்துச்சு' என்பதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது கணக்கு, நாம் கொல்வதைப் பற்றி. நனைந்த சாலை, இரவு. எதையாவது பார்த்து மூளை 'பிரேக்' என்று சொல்லிக் கால் அழுத்த 1.5 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நனைந்த தாரில் வண்டியின் வேகம் நொடிக்கு நொடி 4 மீட்டர் வீதம் குறைவதாகக் கொண்டால்:

60 கி.மீ. வேகத்தில்: வண்டி நிற்க சுமார் 60 மீட்டர்.
30 கி.மீ. வேகத்தில்: சுமார் 21 மீட்டர்.
20 கி.மீ. வேகத்தில்: சுமார் 12 மீட்டர்.

வேகம் பாதியானால் தூரம் பாதியாகக்கூட அல்ல, மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. லோ பீம் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவதே ஏறத்தாழ 40-50 மீட்டர்தான். ஆக 60-இல் போகிறவர், பார்த்த பிறகு நிறுத்தவே முடியாது. இறக்கத்தில் இந்தத் தூரம் இன்னும் கூடும்.

இங்கே அடிபடுவது யார்? மழை இரவில் தவளைகள் இனப்பெருக்கத்துக்காகச் சாலையைக் கடக்கும். பகல் வெயிலில் சூடேறிய தார், பாம்புகளுக்குக் குளிர்காயும் இடம். மரங்களின் கிளைகள் கைகோத்திருந்தால் குரங்குகளும் மலை அணில்களும் மேலேயே கடந்துவிடும். சாலையை அகலப்படுத்திக் கிளைகளை வெட்டினால் கீழே இறங்கியாக வேண்டும். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே தொங்குபாலங்கள் கட்ட வேண்டி வந்தது இதனால்தான்.

இரவுப் போக்குவரத்தின் ஆபத்தை நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பந்திப்பூர் வழியாக மைசூரையும் வயநாட்டையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவான வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது.

பார்ப்பதும் கொல்வதும் ஒரே ஆக்ஸிலரேட்டரில் இருக்கின்றன. 60-இல் போகிறவருக்கு எதுவும் தெரியாது; தன் டயருக்கு அடியில் போனதும் தெரியாது.

எப்போது போகலாம், எப்படிப் போகலாம்?

பறவைகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அட்லஸ் கணக்கிலும் ஈரப்பருவத்தைவிட உலர்பருவத்தில்தான் இனங்கள் அதிகம் பதிவாகின, வலசைப் பறவைகளும் இருக்கும் என்பதால். தவளைகளுக்கு ஜூனில் தொடங்கும் பருவமழை. ஆனா அப்போது அட்டைகளும் இருக்கும், மண்சரிவும் இருக்கும். 2022 செப்டம்பர் மழையில் பொன்முடிச் சாலையின் 12-ஆவது வளைவருகே சாலை இடிந்து, சில மாதங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியிருந்தது. கனமழை எச்சரிக்கை வந்தாலே பொன்முடியை மூடிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் வனத்துறை அறிவிப்பைப் பாருங்கள்.

விடியற்காலை திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பினால் வெயில் ஏறும் முன் கல்லாறு. ஒரு நாளில் எல்லாம் வேண்டாம். ஒன்று பொன்முடி, இல்லையென்றால் பேப்பாறை. வழியில் மூன்றே இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வண்டியை வளைவிலோ சாலை மேலோ இல்லாமல் ஓரமாக, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஒவ்வொரு இடத்திலும் 20 நிமிடம் சும்மா நில்லுங்கள். முதல் 5 நிமிடம் ஒன்றுமே இருக்காது. அதற்கப்புறம்தான் காடு மறுபடி பேச ஆரம்பிக்கும்.

கார் கட்டாயமும் இல்லை. தம்பானூரிலிருந்து வித்துராவுக்கும் பொன்முடிக்கும் கேரள அரசுப் பஸ் இருக்கிறது. ஜன்னல் சீட், உயரமான பார்வை, ஓட்டும் கவலை இல்லை. பத்துப் பேர் ஐந்து காரில் போவதைவிட ஒரு பஸ்ஸில் போனால் காட்டுக்கும் ஐந்து வண்டி குறைவு.

எதெல்லாம் கூடாது?

சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். செக்போஸ்ட்டில் மறித்தால் வாக்குவாதம் வேண்டாம். அகஸ்தியர்கூடம் நடைப்பயணத்துக்கு வனத்துறையிடம் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். 2019 முதல் பெண்களும் போகிறார்கள்.

குரங்குக்குச் சிப்ஸ் கொடுக்காதீர்கள். சாலையோரம் தீனி கிடைக்கும் என்று பழகிய குரங்கு, சாலையிலேயே அடிபட்டுச் சாகும்.

பறவையை வரவழைக்க மொபைலில் அதன் குரலைப் போடாதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அலையும்.

கல்லாறு பார்க்க அமைதியாக இருக்கும். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். குளிக்கப் போய் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பாம்பு வந்தால் தள்ளி நில்லுங்கள். 2025 ஜூலையில் பேப்பாறைப் பகுதியில் பெண் வன அலுவலர் ஒருவர் பெரிய ராஜநாகத்தைப் பிடிக்கும் வீடியோ நாடு முழுக்கப் பரவியதே, அது பயிற்சி பெற்றவரின் வேலை. மீட்பாளரை அழைக்கக் கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலி இருக்கிறது. கூடுதல் தகவல்: ராஜநாகம் ஒன்றல்ல, நான்கு இனங்கள் என்று 2024-இல் ஓர் ஆய்வு பிரித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது தனி இனம்.

இங்கே மனிதர்களும் வாழ்கிறார்கள்

பேப்பாறைக் காட்டுக்குள் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. பாபநாசம் பக்கத்திலும் அதே சமூகத்தினர் உண்டு. 1987-இல் இந்த மலைகளில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், கூட வந்த காணி வழிகாட்டிகள் மட்டும் களைப்படையாமல் நடப்பதைக் கவனித்தார்கள். அவர்கள் வழியில் மென்றது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழம். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது, வித்துராவுக்குப் பக்கத்தில் பாலோட்டில் 1979-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா நிறுவனம். உரிமத் தொகையில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்குப் போனது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் நிகழ்வு இது. கூடவே நடந்து, கவனித்ததால் கிடைத்த விஷயம். உள்ளூர் வழிகாட்டி கிடைத்தால் கூலி பேரம் பேசாதீர்கள்.

போனக்காட்டில் தேயிலைத் தோட்டத்தை நம்பி வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்தார்கள். தோட்டம் நொடித்துப் போனது. இன்று அந்த ஊர் யூடியூப்பில் 'பேய் பங்களா'வாக மட்டும் தெரிகிறது. ராத்திரி ஹாரன் அடித்து வீடியோ எடுக்கப் போகிறவர்கள், கிராக்கி இல்லாத அந்த ஊரில் மனிதர்களும் யானைகளும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்வதை நினைவில் வையுங்கள்.

திரும்பி வந்த பிறகு?

பார்த்ததை 'ஈபேர்ட்', 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலிகளில் பதியுங்கள். இருவாச்சி கிடைக்காமல் காக்கை, மைனா மட்டும் கிடைத்தாலும் பதியலாம். 20 நிமிடத்தில் கண்ட எல்லாவற்றையும் விடாமல் எழுதிய பட்டியலுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் எது இல்லை என்பதையும் அது சொல்கிறது. சாலையில் அடிபட்டுக் கிடந்தவற்றையும், பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால், போட்டோ எடுத்து இடத்தோடு பதியுங்கள். எந்த வளைவில் அதிகம் சாகின்றன என்று தெரிந்தால்தான் எங்கே வேகத்தடை வேண்டும், எங்கே மேல்பாலம் வேண்டும் என்று கேட்க முடியும்.

ஒரே ஒரு கவனம். அரிய விலங்கின் சரியான இடத்தை இன்ஸ்டாகிராமில் டேக் செய்யாதீர்கள். அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்றால் ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை சுமார் 20 கி.மீ. கட்டத்துக்குள் மங்கலாக்கிவிடும். ரீல்ஸ் அதைச் செய்யாது.

அடுத்த முறை நண்பர்களோடு பிளான் போடும்போது, "எத்தனை மணிக்கு டாப் போய்ச் சேரலாம்?" என்ற கேள்விக்குப் பதிலாக "எங்கெங்கே 20 நிமிடம் நிற்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பொன்முடிக்கு மதியம்தான் போய்ச் சேருவீர்கள். பரவாயில்லை, டீக்கடை திறந்துதான் இருக்கும்.